எருமை படுத்த வரிசை

பிள்ளைகளா, போன வாரம் என் மகளோடு கட்டடப் படிப்பு படிக்கிற நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீர்கள். கைகழுவும்போது உங்களில் ஒருத்தர், "அங்கிள், புது சைட்டுக்குப் போனா மொதல்ல என்னா பாக்கணும்?" என்று கேட்டார். "எல்லாத்தையும் பாக்கணும்பா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். நீங்கள் வண்டி ஏறினதும் என் மகள் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ வருஷம் மேஸ்திரியா இருந்துட்டு இதெல்லாம் ஒரு பதிலாப்பா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பேச்சில் வராதது எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்டு கலவை, கம்பி கட்டுவது எல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் ஒரு மனுசரைப் பற்றிச் சொல்கிறேன். 2004-இலிருந்து 2012 வரைக்கும் அவரோடு வேலை செய்தேன். பேர் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லாரும் பண்ணைக்காரர் என்பார்கள். நான் அண்ணே என்பேன்.

அவருக்குச் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துப் பக்கம், பரம்பரை நிலம். நிலத்தைவிட மாடு ஜாஸ்தி. பசு, எருமை, வண்டி மாடு எல்லாம் சேர்ந்து மேய்ச்சலுக்குக் கிளம்பினால் மினி பஸ் நின்று வழிவிடும். காசுக்குக் குறைவில்லாத ஆள். வீட்டில் கார் நின்றது, அவர் ஓட்டினது பழைய மொபெட்தான். அதில்தான் பால் கேனும் போகும், பின்னாளில் பிளான் சுருட்டிய குழாயும் போகும்.

நான் அவரிடம் முதலில் போனது மாட்டுக் கொட்டாய் கட்ட. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து நானும் என் மச்சான் குமாரும் போனோம். குமார் என் வீட்டுக்காரியின் தம்பி, கொத்தனார். கரணை பிடித்தால் கை பேசும், கீழே வைத்தால் வாய் பேசும், அந்த மாதிரி ஆள். பண்ணைக்காரர் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகணும், மூத்திரம் யாரும் கூட்டாமல் தானாக ஓடணும், சினை மாடு திரும்பச் சிரமப்படாமல் உள்ளே வந்த வழியே நேராக வெளியே போகணும் என்று அவ்வளவு யோசித்து வைத்திருந்தார். நாங்கள் அவர் போட்ட கோட்டில் செங்கல் வைத்தோம், அவ்வளவுதான்.

கொட்டாய் முடிந்த சித்திரையில் புதுச்சேரியிலிருந்து ஒருத்தர் கறவை மாடு வாங்க வந்தார். வெயில் நேரம். பேரம் படியவில்லை. கொட்டாயில் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார். பொழுது சாய எழுந்து, "பண்ணைக்காரரே, மாடு கெடக்கட்டும். இதே மாதிரி எனக்கு ஒரு வூடு வரைஞ்சி குடுங்க" என்றார். ஃபேன் இல்லாமல் அப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆச்சாம்.

அப்படித்தான் மாடு வளர்த்தவர் வீடு வரைகிறவர் ஆனார். தோப்பு, குளம், வீடு, கொட்டாய் எல்லாம் சேர்ந்த பெரிய இடங்களைத்தான் எடுப்பார். கம்பிக் கணக்கும் கையெழுத்தும் சிதம்பரத்து இஞ்சினியர் ஒருத்தருடையது. "எது எங்க நிக்கணுங்கிறது என் வேலை, அது வுழாம நிக்கிறது தம்பி வேலை" என்பார். இஞ்சினியர் கணக்கில் ஒரு நாளும் அவர் தலையிட்டதில்லை. வரைகிறதுக்கு முன்னால் அந்த வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். "இந்த வூட்ல யாரும்மா மொதல்ல எழுந்துக்கிறது?" என்று கேட்பார். அந்த ஆளுக்குக் காலை வெளிச்சம் வருகிற அறை. வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு எது மிச்சமோ அது.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக மாட்டை மடக்கித் தங்க வைப்பார்களே, கிடை போடுவது, அதை இவர் வீடு கட்டப்போகிற மனையில் போடுவார். தன் மாட்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாகக் குடை பிடித்து உட்கார்ந்துகொள்வார். பசு எந்த இடத்தில் போய்ப் படுக்கிறது, வெயில் ஏறினதும் எங்கே நகருகிறது என்று பார்ப்பார். பசு காய்ந்த மேட்டில், காற்று வருகிற பக்கம் படுக்கும். அங்கே வீடு.

"வாஸ்து பாக்குறவங்களப் பாத்திருக்கேன். மாட்டுக்கிட்ட பிளான் கேக்குறவர இப்பதான் மாமா பாக்குறேன்" என்றான் குமார், அவர் காதில் விழட்டும் என்றே.

"வாஸ்துக்காரர் சொல்லிட்டுப் போயிடுவாரு குமாரு. மாடு சொன்ன எடத்துல அதே படுத்துக் காட்டுது" என்றார் அவர்.

வெளியாட்கள் 'மாட்டு ஆர்க்கிடெக்ட்' என்று கிண்டல் பண்ணினார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள், சிரித்துக்கொள்வார். ஆனால் கிள்ளை வரைக்கும் அவர் வரைந்த தோப்பு வீடுகளில் ஒன்றில்கூட வாசப்படி ஏறித் தண்ணீர் வந்ததில்லை.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம்.

குமராட்சிப் பக்கம் ஒரு பெரிய இடம் வந்தது. சிங்கப்பூரில் கடை வைத்திருந்து ஊர் திரும்பின புருஷன் பெண்டாட்டி. வயசான காலத்துக்கு ஒரே ஒரு வீடு, அது சொந்த மண்ணில் இருக்கணும் என்று ஆசை. இடத்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஒரு தெரு, எல்லாம் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள், கூரை வீடும் ஓட்டு வீடும். கிழக்கே வெறும் வயல், அதைத் தாண்டி வடிகால் வாய்க்கால்.

சித்திரையில் கிடை போட்டார். பசுவெல்லாம் வடக்கு மேட்டில் போய்ப் படுத்தன. எருமைகள் மட்டும் தெற்கால, மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம் வரைக்கும், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையாகப் படுத்தன.

"என்னா மாமா இது, ரேஷன் கடை கியூவா?" என்றான் குமார்.

பண்ணைக்காரரும் சிரித்தார். அந்தப் பக்கம் பனைமரம் நாலைந்து நின்றது. "நெழலுக்குப் படுக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பசு படுத்த மேட்டில் குச்சி நட்டார். வீடு எங்கே என்பதுதானே கேள்வி. அதுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எருமையை யாரும் கேட்கவில்லை.

சுற்றிலும் முள்வேலிதான் வரைந்திருந்தார். சிங்கப்பூர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேலி போதாதுண்ணே. ஊரு மாடெல்லாம் உள்ள வந்துடும். ஆள் ஒசரத்துக்கு மேல செவுரு வேணும்" என்றார். பண்ணைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரி, தண்ணி போக அடியில பைப்பு வச்சிடுவோம்" என்று கோடு போட்டுக் கொடுத்தார். நாங்கள் கட்டினோம். நல்ல சுவர், என் ஆட்கள் கட்டினது, லேசில் விழாது.

வீடு முடிந்து ஐப்பசியில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். விசேஷத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்தது. நம்ம பக்கத்து ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் ஊற்றியது. தெற்குத் தோட்டத்தில் பந்தல் போட்டிருந்தது, சமையல் கொட்டாய் தயார். நானும் குமாரும் இன்னும் நாலைந்து ஆட்களும் மிச்ச வேலைக்காக அங்கேயே தங்கியிருந்தோம். விடிந்ததும் பண்ணைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார், ரோட்டில் முட்டித் தண்ணீர்.

அவர் தலை துவட்டக்கூட இல்லை, கேட்டில் கூச்சல். மேற்குத் தெரு சனம். முன்னால் நின்றது அஞ்சலை என்கிற அம்மா, நாற்று நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவர். புடவை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது.

"பண்ணைக்காரரே, மேட்டுல நின்னுக்குனு பாக்காதீங்க. எங்க வூட்டாண்ட வந்து பாருங்க. அடுப்பு முழுவிப் போச்சி. புள்ளைங்கள பரண்ல ஏத்தி வச்சிருக்கோம். உங்க செவுரு வந்தப்புறம் தண்ணிக்குப் போக எடமில்ல."

ஓடிப்போய்ப் பார்த்தோம். தெருவுக்கும் மேற்கே இருந்த வயல் தண்ணீர் பூராவும் தெருவுக்குள் வந்து சுவரில் முட்டி நிற்கிறது. அடியில் வைத்த பைப்பில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் போய் அடைத்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு. மழை விடுவதாக இல்லை. மண் சுவர் வீடுகள் எத்தனை நேரம் தாங்கும்?

பண்ணைக்காரர் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கிழக்குப் பக்கம் பார்த்தார். மறுபடியும் மேற்குப் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னிடம், "மேஸ்திரி, எருமைங்க படுத்த வரிசை ஞாபகம் இருக்கா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எருமை ஈரம் தேடிப் படுக்கிற ஜென்மம். மேலே மண் காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் குளுமை இருந்தால் அதுக்குத் தெரியும். அந்த வரிசைதான் தண்ணீரின் பழைய பாதை. எப்போதோ தூர்ந்துபோய் எல்லாரும் மறந்துவிட்ட ஓடை. நாங்கள் அதன் இரண்டு வாயிலும் சுவர் வைத்திருந்தோம்.

"மாடு சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் பசுவ மட்டும் கேட்டேன்" என்றார்.

நேராக வீட்டுக்குப் போனார். சிங்கப்பூர்க்காரர் வராந்தாவில் நின்றார். பண்ணைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு எடத்துல செவுத்த இடிக்கணும். தோட்டமும் பந்தலும் போயிடும். வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

சிங்கப்பூர்க்காரருக்கு முகமே மாறிப்போனது. "நாளன்னைக்கு விசேஷம்ண்ணே. நீங்க கட்டின செவுத்த நீங்களே இடிப்பீங்களா? தண்ணி உள்ள வந்து வூடு முழுவிட்டா? நான் ஆயுசு பூரா சம்பாரிச்சது இந்த ஒரு வூடுதான்."

"நான் போட்ட கோடு தப்பு. வேற யாரும் இடிக்கக் கூடாது, நானே இடிக்கணும்."

அவர் பெண்டாட்டி, அந்தம்மா, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தண்ணி படி ஏறுமா?"

"ஏறாதும்மா. பசு படுத்த மேட்டுல நிக்கிது உங்க வூடு."

"அப்ப இடிங்க" என்றார் அந்தம்மா. புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அங்க புள்ளைங்க பரண்ல இருக்குதுங்க" என்று அந்தம்மா சொன்னதும் சேரில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளா, இங்கேதான் நீங்கள் கவனிக்கணும். இடிக்கலாம் என்று தெரிந்துவிட்டது. எந்தச் சுவரை முதலில்? ஜே.சி.பி. வர ரோடு இல்லை, கடப்பாறைதான். ஆள் கொஞ்சம். தெரு சனம் மேற்குச் சுவரைக் காட்டிக் கத்துகிறது. நானாக இருந்தால் அங்கேதான் ஓடியிருப்பேன். அவர், "கெழக்குச் செவுத்த மொதல்ல தெற" என்றார். வெளியே போக வழி வைக்காமல் உள்ளே விட்டால் அந்த இடமே தொட்டி மாதிரி நிரம்பிவிடும். வீடும் போகும், தண்ணீரும் வடியாது. கிழக்கே யார் குடியும் இல்லை, வயலும் வாய்க்காலும்தான். அதையும் ஒரு தடவை என்னிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார்.

நாங்கள் கடப்பாறையோடு கிழக்கே நடந்ததும் தெருவில் கொந்தளிப்பு. "பாத்தியாடி, பணக்காரன் தோட்டத்துத் தண்ணியத்தான் மொதல்ல வடிக்கிறானுங்க!" என்று அஞ்சலை குரல் கொடுத்தார். இரண்டு மூன்று பேர் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவருக்கு வந்துவிட்டார்கள்.

பண்ணைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருப் பக்கம் போனார். இடுப்புத் தண்ணீரில் அவர்களோடு போய் நின்றார், சுவருக்கு அந்தப் பக்கம்.

"அஞ்சல, அங்க வாசல் தெறக்காம இங்க தெறந்தா ரெண்டு பக்கமும் முழுவும். என் ஆளுங்க குரல் குடுக்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். குரல் வரலன்னா மொத சம்மட்டிய என் தலையில போடுங்க."

"தலையில போட்டா தண்ணி வடியுமா?" என்றார் அஞ்சலை. ஆனால் சம்மட்டிக்காரர்கள் நின்றுவிட்டார்கள்.

நாங்கள் கிழக்குச் சுவரை உடைத்த மாதிரி என் வாழ்க்கையில் எதையும் உடைத்ததில்லை. குமார் தன் கையால் பூசின சுவர் அது. "ஏன் மாமா இவ்ளோ நல்லா கட்டித் தொலைச்சோம்!" என்று திட்டிக்கொண்டே அடித்தான். சுவர் திறந்ததும் தோட்டத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் வாய்க்காலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. "அண்ணே!" என்று நான் கத்தினேன். அந்தக் கோடியிலிருந்து பதிலுக்கு மொத்தத் தெருவும் கத்தியது.

மேற்குச் சுவரை அப்படி அடிக்க அவர் விடவில்லை. பின்னால் அவ்வளவு தண்ணீர் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அடியில் ஓட்டை போட்டால் சுவர் சாய்ந்து ஆளை அமுக்கும், இல்லை தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். "மேல் வரிசையிலேர்ந்து எறக்கு. தோட்டத்துப் பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றார். செங்கல் செங்கலாக இறக்கினார்கள். தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் எல்லாரையும் விலகச் சொன்னார். தண்ணீர் சுவர் மேல் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது, அப்புறம் மிச்சச் சுவரை அதுவே தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. நேராக, எருமைகள் படுத்த அதே வரிசையில் ஓடியது. பந்தல் சாய்ந்தது. சமையல் கொட்டாய் மிதந்தது. வாழைமரம் இரண்டு நடந்து போவது மாதிரி போனது. வீட்டு மேட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருவில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஆனால் வீட்டுக்குள் சேறு, நெருப்பு மூட்ட இடமில்லை, மழையும் விடவில்லை. பண்ணைக்காரர் பிள்ளைகளையும் கிழவர்களையும் மேட்டுக்கு அழைத்துவந்தார். எல்லாரும் வராந்தாவுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள். படி ஏறவில்லை. அதுவரைக்கும் அவர்கள் அந்தக் கேட்டுக்குள் வந்தது கூலி வேலைக்கு மட்டும்தான். அதுவும் பால் காய்ச்சாத புது வீடு. நாம எப்படி முதலில் ஏறுவது என்று அவர்களுக்கே தயக்கம். சிங்கப்பூர்க்காரரும் பண்ணைக்காரர் முகத்தையே பார்த்தார்.

அந்த நேரத்தில் அஞ்சலையின் பசு, கன்றுக்குட்டியோடு, தண்ணீரிலிருந்து மேடேறி வந்தது. யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு படி ஏறி, வராந்தா தாண்டி, கூடத்துக்குள் போய் நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. புதுச் சுவரெல்லாம் சேறு. பின்னாலேயே கன்றுக்குட்டி வழுக்கி வழுக்கிப் போனது.

"அய்யய்யோ" என்று அஞ்சலை ஓடினார்.

அந்தம்மா கையை நீட்டித் தடுத்தார். "வுடுங்க. மொதல்ல பசுவும் கன்னும்தானே உள்ள போவணும்? போயிடுச்சு."

"நாளன்னைக்கு அய்யரு வந்தா என்னாடி சொல்றது?" என்றார் புருஷன்.

"முடிஞ்சிடுச்சின்னு சொல்லுங்க. நீங்க போயி அடுப்ப மூட்டுங்க. அஞ்சல, உன் மாடு கறக்குதா?"

அஞ்சலைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கூடத்திலேயே உட்கார்ந்து பால் கறந்தார். சிங்கப்பூர்க்காரர் தன் கையால் அடுப்பு மூட்டினார். பால் பொங்கும்போது கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள், அது வேற விசேஷம் என்று அதுகளுக்கு யார் சொல்வது. பண்ணைக்காரர் மட்டும் வராந்தாப் படியில் உட்கார்ந்து, உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பால் டம்ளரை நீட்டினேன். "நீ குடி மேஸ்திரி. நான் பாத்துக்குனு இருக்கேன், தண்ணி எங்கெங்க போவுதுன்னு" என்றார். கிடை போட்டால் எப்படி உட்கார்ந்து பார்ப்பாரோ அதே மாதிரி.

கட்டினதையே இடிக்கிற ஆள் என்று பேர் பரவி, கையில் இருந்த இரண்டு வேலை போனது. அவர் யாரிடமும் சமாதானம் சொல்லப் போகவில்லை. யாராவது கேட்டால், "ஆமாம், தப்பா போட்டேன், இடிச்சேன்" என்பார். அதற்கப்புறம் எந்த மனைக்கும் சித்திரையில் ஒரு கிடை, ஐப்பசியில் ஒரு கிடை. மழை முடியும்வரை காத்திருக்க முடியாதவர்களிடம் வேலையே எடுக்கவில்லை. பசு படுக்கிற இடத்தில் வீடு நின்றது. எருமை படுக்கிற இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்கவிடவில்லை. 2012-இல் முட்டி வலி வந்து வரைகிறதை நிறுத்துகிற வரைக்கும் அப்படித்தான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் சைட்டுக்கு மாடு ஓட்டிப்போக முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் உங்களுக்கு முன்னாலிருந்தே யார் யார் நடமாடுகிறார்கள், தண்ணீர் உட்பட, அவர்களுக்கு நீங்கள் போடுகிற கோடு குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சொல்லுங்கள். கட்டின பிறகு தெரிந்தாலும் சொல்லுங்கள். முதல் கடப்பாறையை நீங்களே எடுங்கள்.

அந்தச் சுவரில் உடைத்த இரண்டு இடத்தையும் சிங்கப்பூர்க்காரர் மறுபடி அடைக்கவே இல்லை. பண்ணைக்காரர் வந்து ஓரத்தை மட்டும் கல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஊர் மாடெல்லாம் உள்ளே வந்துவிடும் என்று பயந்தாரே, வந்துவிட்டது. சித்திரை வெயிலில் குமராட்சிப் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். மேற்கு வாயிலிலிருந்து கிழக்கு வாயில் வரைக்கும் தெரு எருமைகள் ஒரே வரிசையாகப் படுத்திருக்கும். அந்தப் பனைமரங்களை ஒரு புயல் எப்போதோ சாய்த்துவிட்டது. அங்கே இப்போது நிழலே கிடையாது.